வசனத்தை மட்டும் கூட்டும் பொத்தான்: ஒரு ஐரோப்பியக் கூட்டாஞ்சோறு

எங்கள் வீட்டில் படம் ஓடும்போது ரிமோட் என் கையில்தான் இருக்கும். "வசனம் புரியல, சத்தம் வை" என்பார் அம்மா. வைத்த அடுத்த நிமிடம் சண்டைக் காட்சி வரும், ஜன்னல் அதிரும். "குறை, குறை" என்பார். வசனத்தை மட்டும் ஏற்றி இசையை இறக்க ஒரு பொத்தான் இருந்தால் இந்தப் பாடே இல்லை. அது ஏன் இல்லை என்று டிவியைக் குடைந்து பார்த்துப் பயனில்லை. ஒலி நம் வீட்டுக்கு வந்து சேரும் முறையில்தான் சிக்கல்.

அந்த முறையை வேரிலிருந்து மாற்றிப் பார்க்கலாம் என்று 2015 டிசம்பரில் ஐரோப்பாவில் பத்து அமைப்புகள் கூடின. திட்டத்துக்கு ஆர்ஃபியஸ் என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் யாழ் மீட்டிக் கல்லையும் மரத்தையும் அசைய வைத்தவன் அவன். 2018 மே வரை, முப்பது மாதம் வேலை நடந்தது. பணம் தந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் 2020 திட்டம். பிபிசி மாதிரியான பெரிய கைகள் இருந்த அந்தக் கூட்டத்தில், 2003-இல் தொடங்கிய ட்ரின்னோவ் ஆடியோ என்ற பிரெஞ்சு நிறுவனமும் இருந்தது. ஸ்டூடியோக்களுக்கும் வசதியானவர்களின் ஹோம் தியேட்டருக்கும் ஒலிக்கருவி செய்து விற்கிறவர்கள். பொருள் செய்து விற்கிற ஒருவருக்கு, பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் என்ன வேலை? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஐரோப்பியக் கூட்டு ஆராய்ச்சி எப்படி ஓடுகிறது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

முதலில் அடுப்பு மூட்டுகிற விதம்

சின்ன வயதில் கூட்டாஞ்சோறு ஆக்கியிருப்பீர்கள். ஒருத்தி அரிசி கொண்டுவருவாள், ஒருவன் பருப்பு, இன்னொருவன் வீட்டுக்குத் தெரியாமல் நெய். தனித்தனியாக யாரிடமும் ஒரு வேளைச் சோற்றுக்கான பொருள் முழுதாக இருக்காது. ஐரோப்பாவின் கூட்டு ஆராய்ச்சியும் ஏறக்குறைய அப்படித்தான். 1984-இல் தொடங்கிய இந்த நிதித் திட்டங்கள் ஒன்று முடிய இன்னொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. ஹொரைசன் 2020 அந்த வரிசையில் எட்டாவது. 2014 முதல் 2020 வரைக்கும். இப்போது நடப்பது ஹொரைசன் யூரோப், 2027 வரை.

அடிப்படை விதி எளிது. வழக்கமான கூட்டுத் திட்டம் என்றால் குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த, ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத மூன்று அமைப்புகள் சேர வேண்டும். ஒரே கம்பெனி தனக்குத்தானே மூன்று நாட்டில் கிளை வைத்துக்கொண்டு வந்து நின்றால் நடக்காது. இந்த விதியின் பின்னால் இருக்கும் கணக்கு என்னவென்றால், ஜெர்மனிக்காரரின் கண்டுபிடிப்பை ஜெர்மன் அரசு பார்த்துக்கொள்ளும், பிரெஞ்சுக்காரரை பிரெஞ்சு அரசு பார்த்துக்கொள்ளும். எல்லை தாண்டிச் சேர்ந்தால் மட்டுமே நடக்கிற வேலைக்குத்தான் பொதுப் பானையிலிருந்து கரண்டி இறங்கும்.

என்ன சமைக்க வேண்டும் என்ற தலைப்பை ஐரோப்பிய ஆணையம் அறிவிக்கும். சேர்ந்தவர்கள் விண்ணப்பம் எழுதுவார்கள். விண்ணப்பம் என்றால் ஒரு பக்கக் கடிதம் இல்லை. ஒரு சிறு புத்தகம். வெளியிலிருந்து வரும் நிபுணர்கள் அதைப் படித்து மூன்று விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். அறிவியல் தரம், விளைவு, செய்து முடிக்கும் திறன், ஒவ்வொன்றுக்கும் ஐந்து. பொதுவாக எதிலும் மூன்றுக்குக் கீழே போகக்கூடாது, மொத்தம் பத்தாவது எடுக்க வேண்டும். ஆனால் பத்து எடுத்தால் போதும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். தேர்ச்சி பெற்றவர்களுக்குள்தான் நிஜப் போட்டி. பணம் மேலிருந்து கீழே பிரிந்துகொண்டே வந்து ஓரிடத்தில் தீர்ந்துவிடும்.

இந்த மூன்றில் இரண்டாவதைக் கொஞ்சம் கவனியுங்கள். "விளைவு" என்ற அந்தப் பத்தியில், ஆராய்ச்சி முடிந்ததும் இது யார் கைக்குப் போகும், யார் விற்பார்கள், யார் பயன்படுத்துவார்கள் என்று எழுத வேண்டும். பல்கலைக்கழகங்கள் மட்டும் சேர்ந்த குழுவுக்கு இங்கே பேனா தடுமாறும். நிறுவனங்களுக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் இந்தப் பத்தியில்தான் என்பது என் எண்ணம்.

சரி, ஆர்ஃபியஸில் யார் என்ன கொண்டுவந்தார்கள்? ஒலியைச் சுருக்கி அனுப்பும் வித்தை, எம்பி3 பிறந்த வீடான ஜெர்மனியின் ஃப்ரௌன்ஹோஃபர் ஐஐஎஸ் ஆய்வகத்திலிருந்து வந்தது. நிகழ்ச்சி தயாரிக்க லண்டனின் பிபிசியும் மூனிக்கின் பவேரிய வானொலியும். ஜெர்மன் மொழி ஒலிபரப்பாளர்களின் பொது ஆய்வகமான ஐஆர்டி, பாரிஸின் இசை ஆய்வு நிலையம் இர்காம், ரென் நகரத்து பி-காம் (படிப்பு இல்லை, ஆய்வு நிலையத்தின் பெயரே அது) ஆகியவை ஆராய்ச்சிப் பக்கம். இப்படிப்பட்ட கூட்டுகளை நிர்வகிப்பதிலேயே ஊறிய யூரெஸ்காம் ஒன்று. மீதி மூன்றும் பொருள் செய்து விற்கிற நிறுவனங்கள்: ஒலித்தொகுப்பு மென்பொருள் செய்யும் பெர்லினின் மேஜிக்ஸ், கைபேசிச் செயலி செய்யும் ஆம்ஸ்டர்டாமின் எலிஃபண்ட்கேண்டி, அப்புறம் நம் ட்ரின்னோவ்.

சாம்பாரும் சாமான்களும்

இப்போது அந்தப் பொத்தான் விஷயம். டிவிக்கோ வானொலிக்கோ வரும் ஒலி, சமைத்து இறக்கிய சாம்பார். பேச்சு, இசை, மழைச்சத்தம், கைத்தட்டல் எல்லாவற்றையும் ஸ்டூடியோவிலேயே கலந்து, இடது ஸ்பீக்கருக்கு இவ்வளவு, வலது ஸ்பீக்கருக்கு இவ்வளவு என்று முடித்து அனுப்பிவிடுகிறார்கள். கரைந்த உப்பை நம்மால் பிரித்து எடுக்க முடியாது. அதனால்தான் ரிமோட்டில் ஒரே ஒரு வால்யூம்.

ஆப்ஜெக்ட் ஒலி என்பது சாமான்களைக் கலக்காமல் தனித்தனிப் பொட்டலமாக அனுப்பி, கூடவே ஒரு சமையல் குறிப்பையும் வைப்பது. வர்ணனையாளர் குரல் ஒரு பொட்டலம், மைதானச் சத்தம் ஒன்று, இசை ஒன்று. குறிப்பில் "இந்தக் குரல் நேர் எதிரே, இவ்வளவு உரக்க, இந்த ரயில் இடது பின்னாலிருந்து வலது முன்னால் போகிறது, இது ஆங்கிலப் பேச்சு, இதற்குப் பதில் ஜெர்மன் பேச்சையும் போடலாம்" என்றெல்லாம் இருக்கும். இந்தக் குறிப்புக்கு மெட்டாடேட்டா என்று பெயர். கலக்கும் வேலை நம் வீட்டில், நம் கருவியில் நடக்கும். கலக்குவதைச் செய்யும் மென்பொருளை ரெண்டரர் என்பார்கள். கலவை வீட்டில் நடப்பதால் பேச்சைக் கூட்டவும் இசையைக் குறைக்கவும் நமக்கே வழி பிறக்கிறது.

தியேட்டரில் டால்பி அட்மாஸ் கேட்டவர்களுக்கு இது முழுக்கப் புதிதில்லை. 2012-இல் வந்த அட்மாஸிலும் அடிக்கருத்து இதுதான். ஆனால் அது சினிமாவுக்காக ஒரு தனி நிறுவனம் உருவாக்கியது. ஆர்ஃபியஸ் குழு எடுத்துக்கொண்டது வேறு கணக்கு: வானொலி நிகழ்ச்சி ஒன்று ஒலிப்பதிவு அறையில் தொடங்கி, தொகுப்பு, ஒலிபரப்பு, கடைசியில் கேட்பவரின் கைபேசி, கூடத்து ஸ்பீக்கர் வரைக்கும் எங்கேயும் கலக்கப்படாமல் ஆப்ஜெக்டாகவே போய்ச் சேர முடியுமா? எல்லோருக்கும் பொதுவான வடிவங்களை வைத்தே செய்ய முடியுமா?

நிஜமாகவே ஆட்களுக்கு இது வேண்டுமா என்ற கேள்விக்கு முன்பே ஒரு பதில் கிடைத்திருந்தது. 2011 விம்பிள்டன் டென்னிஸின்போது பிபிசியும் ஃப்ரௌன்ஹோஃபரும் ஒரு சோதனை வைத்தன. இணையத்தில் கேட்பவர்கள் வர்ணனைக்கும் மைதானச் சத்தத்துக்கும் இடையில் ஒரு நகர்த்தியைத் தங்கள் இஷ்டத்துக்குத் தள்ளலாம். சிலர் வர்ணனையைத் தூக்கினார்கள், சிலர் வர்ணனையாளரை ஓரங்கட்டிவிட்டுப் பந்துச் சத்தத்தைக் கேட்டார்கள். எல்லோருக்கும் பிடித்த ஒரே கலவை என்று ஒன்று கிடையாது.

மைக்கில் நான்கு காது

இங்கேதான் ட்ரின்னோவ் வருகிறது. சமையல் குறிப்பில் "குரல் இடப்பக்கம் 30 பாகையில்" என்று எழுதியாயிற்று. ஆனால் உங்கள் வீட்டில் இடது ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது? பாடப்புத்தகப்படி, கேட்பவருக்கு இரண்டு பக்கமும் 30 பாகையில், சம தூரத்தில் இருக்க வேண்டும். நடப்பில் ஒன்று டிவி மேசையில், இன்னொன்று பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அலமாரி உச்சியில். பின் ஸ்பீக்கர் சோபாவுக்குப் பின்னால் இடமில்லாமல் கதவோரம் நிற்கும். ரெண்டரருக்கு ஸ்பீக்கர்களின் இருப்பிடம் தெரியாவிட்டால், முன்னால் வர வேண்டிய குரல் ஜன்னல் பக்கம் போய்விடும். குறிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கடைசிக் கஜத்தில் கோட்டை விட்டமாதிரி.

ட்ரின்னோவ் பேர் வாங்கியதே இந்தக் கடைசிக் கஜத்தில்தான். அவர்களுடைய அளவெடுக்கும் மைக்கில் ஒன்றுக்குப் பதில் நான்கு ஒலிவாங்கிகள் இருக்கும், எல்லாம் ஒரே மட்டத்தில் இல்லாமல். அதைக் கேட்பவர் உட்காரும் நாற்காலியில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதனைச் சத்தம் விடுவார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு சென்டிமீட்டர் கடக்க நொடியில் பத்து லட்சத்தில் 29 பங்கு. ஆகவே ஒரே சத்தம் நான்கு காதுக்கும் இம்மி இம்மியாக முன்னும் பின்னும் வந்து சேரும். நொடிக்கு 48,000 தடவை அளவெடுக்கும் சாதாரண டிஜிட்டல் ஒலிப்பதிவில் ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் ஒலி 7 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். அதனால் அந்த இம்மி வித்தியாசத்தைப் பிடித்துவிட முடிகிறது. ஒற்றை மைக்காக இருந்தால் "ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளி" என்பதோடு நின்றுவிடும். எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று சொல்ல முடியாது. நான்கு இருந்தால் மூன்றும் கிடைத்துவிடும்: தூரம், திசை, உயரம்.

கிடைத்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் இல்லாத இடத்திலிருந்தும் ஒலி வருவதுபோலச் செய்யலாம். பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று ஸ்பீக்கர்களுக்கு அந்த ஒலியைச் சரியான விகிதத்தில் பங்கிட்டால், காது நடுவில் ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளும். அலமாரி உச்சி ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிட்டே குரலை டிவிக்கு நேரே இறக்கிக் கொண்டுவரலாம். ஆப்ஜெக்ட் ஒலி பிரபலமாவதற்கு முன்பே, சாதாரண 5.1 ஒலிக்காக (சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒன்று) ட்ரின்னோவ் செய்துகொண்டிருந்த வேலை இது. ஆப்ஜெக்ட் ஒலி வந்ததும் அவர்கள் கையில் இருந்த பழைய சாவி புதுப் பூட்டுக்குப் பொருந்திவிட்டது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. வந்த ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். கடையில் கிடைக்கும் பெரும்பாலான ரிசீவர்களுக்குள் ஒலிக்கென்றே செய்த தனிச் சில்லு இருக்கும். புதிய ஒலி வடிவம் ஒன்று வந்தால், சில்லு செய்கிறவர் அதை ஆதரிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ட்ரின்னோவின் கருவிகள் உள்ளே ஏறக்குறைய ஒரு கணினி. சாதாரணக் கணினிச் செயலியில் மென்பொருளாகவே எல்லாம் ஓடும். சோதனைக் கட்டத்தில் இருக்கும் வடிவத்தை எடுத்துப் போட்டுப் பார்க்க இதைவிட வசதியான கருவி வேண்டுமா? ஆராய்ச்சிக் குழு ரிசீவர் முனையை இவர்களிடம் விட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஃப்ரௌன்ஹோஃபர் முன்னின்று உருவாக்கிய எம்பெக்-ஹெச் என்ற புதிய ஒலி வடிவத்தில் நிகழ்ச்சி வந்தால், அதைப் பிரித்து அந்தக் கூடத்து ஸ்பீக்கர்களுக்கு ஏற்பக் கலந்து தரும் ரிசீவர், இதுதான் ட்ரின்னோவ் சுமந்த பங்கு.

கணிதம் இர்காமில் இருந்தது, சுருக்கும் வித்தை ஃப்ரௌன்ஹோஃபரிடம் இருந்தது. ஒரு மனிதர் சோபாவில் உட்கார்ந்து கேட்கிற இடத்துக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்தி, "உங்கள் குறிப்பில் இந்தத் தகவல் போதவில்லை, இதை வைத்து நான் எப்படிக் கலப்பது?" என்று குறிப்பு எழுதியவர்களிடம் திருப்பிக் கேட்க ஒருவர் வேண்டும். அப்படிக் கேட்கிற உரிமை, நாளைக்கு அதே பொருளைக் காசுக்கு விற்கப் போகிறவருக்குத்தான் இயல்பாக வரும்.

மேஜிக்ஸ் சங்கிலியின் மறுமுனையில் நின்றது. செக்கோயா என்ற அவர்களுடைய தொகுப்பு மென்பொருளில் ஆப்ஜெக்டுகளையும் மெட்டாடேட்டாவையும் உள்ளே எடுக்க, திருத்த, வெளியே அனுப்ப வழி செய்தார்கள். ஒலிபரப்பு நிலையத்துப் பொறியாளர் பத்து வருடம் பழகிய திரையிலேயே புதியதும் வந்தால்தான் தொடுவார். ஆய்வகத்துக்காரர் எழுதிய தனி மென்பொருளைக் கொடுத்தால் ஒரு வாரம் பார்த்துவிட்டு மூடிவிடுவார். எலிஃபண்ட்கேண்டியின் ஐஃபோன் செயலியில் பேச்சையும் பின்னணியையும் சரிசெய்யலாம். நிகழ்ச்சியை முழுதாகக் கேட்பதா சுருக்கமாகக் கேட்பதா என்றும் கேட்பவரே முடிவு செய்யலாம்.

கடற்கன்னியின் மூன்று கதைகள்

எல்லோரும் கொண்டுவந்ததைப் போட்டு அடுப்பில் ஏற்றிய நாட்களில் ஒன்று 2017 ஜூலையில் வந்தது. பிபிசி 'தி மெர்மெய்ட்ஸ் டியர்ஸ்' என்ற வானொலி நாடகத்தை ஆப்ஜெக்ட் ஒலியில் நேரலையாக நடத்தியது. கேட்பவர் மூன்று பாத்திரங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் பின்னாலேயே போகலாம். அவர் எந்த அறைக்குள் நுழைகிறாரோ அங்கே என்ன கேட்குமோ அது உங்களுக்குக் கேட்கும். பக்கத்து அறையில் நடக்கும் பேச்சு உங்களுக்குத் தெரியாமலே போகும். வேறொருவரைப் பின்தொடர்ந்தால்தான் அது கிடைக்கும்.

பழைய முறையில் இதற்கு மூன்று கலவை, மூன்று தனி ஒலிபரப்பு வேண்டும். இங்கே நடிகரின் குரல் ஒருமுறைதான் போகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சமையல் குறிப்பு மட்டும் வேறு. சொல்லும்போது சுலபம். நேரலையில் ஓர் ஒலிப் பொறியாளர் மூன்று பார்வைக்கும் சேர்த்துக் கலவையைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. இப்படிப்பட்ட சோதனை நாளைத்தான் இந்தத் திட்டங்களில் பைலட் என்கிறார்கள். அதுவரை தனித்தனியாக நன்றாக வேலை செய்த பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுமா என்பது அன்றுதான் தெரியும்.

காசு, காகிதம், காப்புரிமை

ஹொரைசன் 2020 விதிப்படி, ஆராய்ச்சி வகைத் திட்டமென்றால் நேரடிச் செலவு நூற்றுக்கு நூறு கிடைக்கும். வாடகை, மின்சாரம் மாதிரியான பொதுச்செலவுக்கு அதன் மேல் 25 சதவீதம். சந்தைக்கு நெருங்கிய வகைத் திட்டத்தில், லாபத்துக்கு இயங்கும் நிறுவனத்துக்கு 70 சதவீதம்தான். வேலையை ஆள்-மாதத்தில் அளப்பார்கள். ஒரு பொறியாளர் ஒரு மாதம் முழுக்கச் செய்வது ஓர் ஆள்-மாதம். ஒரு பேச்சுக்கு, ஒரு சிறு நிறுவனம் 40 ஆள்-மாதம் தருகிறது, மாதச் செலவு 7,000 யூரோ என்று வைத்துக்கொண்டால், 2,80,000 யூரோ. பொதுச்செலவு சேர்த்து 3,50,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, திட்டம் முடிந்து கணக்கெல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகுதான் கைக்கு வரும். இருபது முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் அந்தத் தொகை ஓரிரு சம்பளத் தேதிகளை ஆட்டிவைக்கும்.

காகித வேலையும் குறைவில்லை. திட்டம் வேலைத்தொகுப்புகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் எந்த மாதம் என்ன ஒப்படைக்க வேண்டும் என்று பட்டியல். யார் எத்தனை மணி நேரம் எதற்கு உழைத்தார் என்று குறித்துவைக்க வேண்டும். கடைசித் தொகை வந்த பிறகும் ஐந்தாண்டு கணக்கைப் பத்திரப்படுத்த வேண்டும். அவசரமாக நாளை வாடிக்கையாளருக்குப் பெட்டி அனுப்ப வேண்டிய பொறியாளருக்கு இதெல்லாம் எரிச்சல்தான். வெறும் பணத்துக்காக இதில் இறங்குகிற நிறுவனம் பாதியிலேயே சலித்துப்போகும்.

சரி, அப்படியானால் ஏன் இறங்குகிறார்கள்? அதற்கு முன் காப்புரிமைப் பயத்தைப் பார்த்துவிடலாம். போட்டியாளர்களும் பெரிய ஆய்வகங்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் தன் ரகசியத்தை எப்படித் திறப்பது? இதற்கு இரண்டு பெட்டி வைத்திருக்கிறார்கள். திட்டத்துக்கு முன்பே உங்களிடம் இருந்த அறிவு ஒரு பெட்டி. அது உங்களுடையதுதான், கூட்டாளிக்கு இந்தத் திட்ட வேலைக்குத் தேவைப்பட்டால் பயன்படுத்த விட வேண்டும். திட்டத்தில் புதிதாகப் பிறப்பது இன்னொரு பெட்டி. யார் பெற்றார்களோ அவர்களுக்குச் சொந்தம். பிற்பாடு கூட்டாளி தன் முடிவை வியாபாரமாக்க இந்த இரண்டு பெட்டியில் எது தேவையென்றாலும் நியாயமான விலைக்குக் கொடுக்க வேண்டும். எது எந்தப் பெட்டி என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நான்கு காது மைக்கின் கணக்கு ட்ரின்னோவிடம் முன்பே இருந்தது என்றால் அது முதல் பெட்டி, பேச்சு முடிந்தது.

இறங்குவதற்கான காரணம், என் பார்வையில், நாற்காலி. புதிய வடிவம் ஒன்று உருவாகும்போது அதைத் தீர்மானிக்கிறவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பது. மற்ற ரிசீவர் நிறுவனங்கள் தரநிலை ஆவணம் வெளிவந்த பிறகு முதல் பக்கத்தைப் புரட்டும்போது, இவர்கள் அதை ஓட்டிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லி, திருத்தவும் வைத்திருப்பார்கள். சிறு நிறுவனத்துக்கு பிபிசியின் பொறியாளரோடு முப்பது மாதம் வேலை செய்யும் வாய்ப்பு வேறெப்படிக் கிடைக்கும்?

நாற்காலியின் விலை என்ன என்பதற்கு எம்பி3 கதையே சாட்சி. டிஜிட்டல் வானொலிக்காக 1987-இல் தொடங்கிய யுரேகா 147 என்ற ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்தில்தான் அதன் வேர் இருக்கிறது. யுரேகா ஐரோப்பிய ஒன்றியத்தின் பானை இல்லை. நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, அவரவர் நாட்டுக்காரருக்கு அவரவர் பணம். பிலிப்ஸ், ஐஆர்டி, பிரெஞ்சுக்காரர்களின் ஆய்வகமான சிசிஇடிடி ஒரு பக்கம் வடிவமைத்ததுதான் லேயர் 2 என்ற ஒலிச்சுருக்க முறை. டிஜிட்டல் வானொலி அதை எடுத்துக்கொண்டது. ஃப்ரௌன்ஹோஃபர் பக்கத்தின் உழைப்பு லேயர் 3 ஆனது. வானொலியில் இடம் கிடைக்காத அந்த லேயர் 3-தான் 1995-இல் எம்பி3 என்ற கோப்புப் பெயரோடு இணையத்துக்குள் நுழைந்து உலகத்தையே சுற்றிவந்தது. திட்டம் எதற்காக எழுதப்பட்டதோ அது ஒரு வழியில் போக, உரிமக் காசு இன்னொரு வழியில் வந்தது. விண்ணப்பத்தில் "விளைவு" என்ற பத்தியை எழுதுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்காட்டாமல் இருப்பது நல்லது.

அடுப்பு அணைந்த பிறகு

ஆர்ஃபியஸ் முடிந்ததும் எல்லார் வீட்டிலும் பொத்தான் முளைத்துவிடவில்லை. இப்படிப்பட்ட திட்டங்களில் செய்து காட்டும் கருவி பெரும்பாலும் காட்டுவதற்குத்தான். கடைக்கு வருவது அதன் பேரப்பிள்ளை. எம்பெக்-ஹெச் தன் வழியில் நடந்தது. தென் கொரியாவின் புதிய அல்ட்ரா எச்டி ஒளிபரப்பு 2017 மே மாதம் அதோடு தொடங்கியது. பிரேசில் தன் அடுத்த தலைமுறை டிவிக்கு 2021-இல் அதைத் தேர்ந்தெடுத்தது. அதற்கெல்லாம் ஆர்ஃபியஸ்தான் காரணம் என்று சொன்னால் மிகை.

அதைவிடச் சத்தமில்லாத ஒன்றைத்தான் ஆர்ஃபியஸின் கணக்கில் தைரியமாக எழுதலாம். சமையல் குறிப்பு எழுதுவதற்கென ஒரு பொது மொழி இருக்கிறது. ஆடியோ டெஃபனிஷன் மாடல், சுருக்கமாக ஏடிஎம். (பணம் எடுக்கிற ஏடிஎம் இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் தலையெழுத்து.) யார் தொகுத்தாலும் யார் ரிசீவர் செய்தாலும் ஒருவர் குறிப்பை இன்னொருவர் படிக்க இந்த மொழி வேண்டும். இதன் சர்வதேசத் தரநிலை 2015-இல் வந்தது. ஆனால் தரநிலை என்பது காகிதம். அதைப் படிக்கவும் எழுதவும் மென்பொருள் வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எழுதினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தப்பு செய்யும். மூனிக்கின் ஐஆர்டி அந்த வேலையைச் செய்யும் நிரல்களை எழுதி, திறந்த மூலமாக வெளியிட்டது. லிப்-ஏடிஎம் என்று ஒன்று, கோப்பு வடிவத்துக்கு லிப்-பிடபிள்யூ64 என்று ஒன்று.

1956-இல் தொடங்கிய அந்த ஐஆர்டி 2020 முடிவில் மூடப்பட்டது. சேர்ந்து நடத்திவந்த ஒலிபரப்பாளர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். நிரல்கள் இன்றைக்கு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் களஞ்சியத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. அவற்றோடு உள்ள விளக்கக் கோப்பில், நிறுவும் முறையெல்லாம் தாண்டிப் போனால், இந்த வேலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் 2020 நிதி கிடைத்தது என்று ஒரு வரி வரும். பணம் வாங்கியவர்கள் கட்டாயம் எழுத வேண்டிய வரி அது. கூடவே ஒப்பந்த எண்ணும் இருக்கும், 687645. அதுதான் ஆர்ஃபியஸ்.